மலைமுகடும் வழிகாட்டியின் சொல்லும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நன்னன் என்னும் வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிரே வரும் மற்றொரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்கின்றான். இதுவே பாட்டின் பொருள். ஆனால், பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளுள் வள்ளலின் புகழோடு வழியின் இடர்களும் பேரிடம் பெறுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் நீர்த்துறை என ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கின்றார் புலவர். தலைவனைப் பாட வந்தவர் குழியையும் கல்லையும் ஏன் இத்துணை அக்கறையோடு பாட வேண்டும் என்பதே நம் ஐயம்.

அந்த ஐயம் வகுப்பறையில் தீரவில்லை. இமயத்தின் மலைச்சரிவு ஒன்றில் தீர்ந்தது. அங்கு நாம் கற்ற பாடத்தை மாணவர்க்கும், மாணவரை வெளியூர் அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும், அனுமதி வழங்கும் நிருவாகத்தார்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து கிலோமீட்டர் என்னும் மயக்கம்

உத்தரகண்ட் மாநிலத்தின் கடுவால் பகுதியில், ருத்ரபிரயாகை மாவட்டத்தில், சோப்டா என்னும் சிற்றிடம் உள்ளது. அரித்துவாரத்திலிருந்து கங்கைக் கரையோடும், பின்னர் அலகநந்தா, மந்தாகினி ஆறுகளின் கரையோடும் பகல் முழுதும் பயணம் செய்து, உக்கிமட் என்னும் ஊர் வழியாக அதனை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் ஏறினால், பஞ்ச கேதாரத் திருத்தலங்களுள் ஒன்றாகிய துங்கநாத் கோயில். அதற்கு மேலும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினால் சந்திரசிலா என்னும் மலைமுகடு. நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா முதலிய பனிச்சிகரங்களை ஓரிடத்தில் நின்று காணத்தக்க காட்சிமுனை அது.

மொத்தத் தொலைவு ஐந்து கிலோமீட்டர். மாலையில் உலாவச் செல்வோர் நடக்கும் தூரமே அன்றோ என்று எண்ணத் தோன்றும். இவ்வெண்ணமே முதற்பிழை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. சோப்டா, ஏறத்தாழ அந்த உயரத்திலேயே அமைந்துள்ளது. நம் நாட்டு மலை முடிகின்ற உயரத்தில் அந்த நடை தொடங்குகின்றது! அங்கிருந்து மேலும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. 3,600 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்களவே. கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை அங்கு எளிதில் தோன்றக்கூடும். அவற்றைப் பொருட்படுத்தாது மேலும் ஏறினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே கேடு நேரலாம். கீழே இறங்குவதே அதற்குத் தலையாய மருந்து.

நாற்பத்து மூவர் சென்ற பயணம்

இவற்றையெல்லாம் அறியாமல்தான் நாம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நாற்பத்து மூன்று மாணவரோடு சோப்டாவில் இறங்கினோம். பயண ஏற்பாட்டாளர் தந்த துண்டறிக்கையில் 'அனுபவமிக்க வழிகாட்டியுடன்' என்று அச்சிட்டிருந்தது. அவ்வழிகாட்டி என்பவர் பேருந்தில் நம்முடன் வந்து உணவும் அறையும் பார்த்துக்கொண்ட மேலாளரே என்பது அங்குச் சென்ற பின்னரே விளங்கிற்று. அவரும் கல் பாவிய பாதையைக் கைநீட்டிக் காட்டிவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்துகொண்டார்.

கால் வலியோர் விரைந்தனர், மெலிந்தோர் பின்தங்கினர். ஒரு மணி நேரத்திற்குள் நம் கூட்டம் பாதை நெடுகச் சிதறிக் கிடந்தது. நண்பகலில் மூடுபனி இறங்கிற்று. நாம் கோயிலோடு திரும்பினோம். மாணவருள் பன்னிருவர் மட்டும் முகட்டைத் தொட்டு மீண்டனர். சோப்டாவில் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு பேரே இருந்தனர். முன்னே சென்றோர் அம்மாணவன் பின்னே வருவதாக எண்ணியிருந்தனர். பின்னே வந்தோர் அவன் முன்னே போய்விட்டதாக எண்ணியிருந்தனர். இரண்டரை மணி நேரம் தேடினோம். தலைவலி தாங்காமல் கோயிலுக்கு மேல் பாதையைவிட்டு விலகி ஒரு பாறையடியில் படுத்துவிட்டவனைக் கோவேறு கழுதை ஓட்டும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கண்டெடுத்துத் தம் விலங்கின்மீது அமர்த்திக் கொண்டுவந்து சேர்த்தார். அல்லாஹ்வின் அருளால் அன்றிரவு அவன் நன்றாக உறங்கினான், நாம் உறங்கவில்லை.

பழி முழுவதையும் ஏற்பாட்டாளர்மீது சுமத்துதல் எளிது. ஆனால், கையொப்பமிட்டு மாணவரை அழைத்துச் சென்றவர் நாம். வழிகாட்டி யார் என்று முன்னதாகக் கேட்காதவரும் நாமே.

தடையும் தீர்வாகாது

இந்நிகழ்ச்சிக்குப் பின் 'மலைப்பயணமே இனி வேண்டா' என்னும் முடிவு எளிதில் வந்தது. நாமும் அதற்கு உடன்பட்டோம். பல கல்லூரிகளில் இதுவே வழக்கம். ஓரிடத்தில் விபத்து என்று கேட்டால் எல்லாப் பயணங்களுக்கும் பூட்டுப் போட்டுவிடுவர்.

எண்ணிப் பார்க்குங்கால் இத்தடையால் இழப்போர் யாவர்? செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தம் பெற்றோருடன் எங்கும் செல்வர். கல்லூரிப் பயணத்தை விட்டால் வேறு வாய்ப்பில்லாத ஏழை மாணவரே இழக்கின்றனர். அவரினும் மிகுதியாக இழப்போர் நம் மாணவியர். பாதுகாப்பின் பெயரால் வாயிலை அடைக்கும்போது முதலில் உள்ளே நிற்க வைக்கப்படுவோர் அவர்களே.

மலைமுகட்டில் நின்று காண்பதில் அப்படி என்ன பயன் என்று கேட்பாரும் உளர். அவர்க்கு அல்பிரூனியை நினைவூட்டுவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையருகே, ஒரு மலையின் உயரத்தை முதலில் அளந்து, பின் அம்மலைமேல் நின்று தொடுவானம் கண்மட்டத்தினின்றும் எவ்வளவு தாழ்ந்து தெரிகின்றது என்பதையும் அளந்து, அவ்விரண்டையும் கொண்டு இந்நிலவுலகின் ஆரத்தைக் கணக்கிட்டார் அப்பேரறிஞர். பிறர் வியந்துவிட்டுப் போகும் காட்சிமுனை அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. துங்கநாத் மலைத்தொடரும் அத்தகையதே. அத்தொடரின் ஒருபுறம் விழும் மழைநீர் மந்தாகினிக்குச் செல்கின்றது. மறுபுறம் விழுவது அலகநந்தாவுக்குச் செல்கின்றது. பிரிந்த இரண்டும் ருத்ரபிரயாகையில் மீண்டும் கூடுகின்றன. பாட நூலில் பல பக்கங்கள் படித்தும் விளங்காத நீர்ப்பிரிமேடு, அங்கு நின்றால் நொடியில் விளங்கும். இதனை நம் பிள்ளைகளுக்கு மறுத்தல் முறையாகுமா?

பதின்மர் சென்ற பயணம்

எனவே சென்ற ஆண்டு அக்டோபரில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை மாணவர் பதின்மர், ஆசிரியர் இருவர். அப்பகுதிச் சிற்றூரைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரையும் அவருடைய உதவியாளர் ஒருவரையும் முன்னரே பேசி அமர்த்தியிருந்தோம். மாணவர் அவரைப் 'பாய்' என்று அழைத்தனர். இந்தியில் அச்சொல்லுக்குச் சகோதரர் என்பது பொருள். நம்மூரில் பிற சமயத்து அன்பர்கள் நம்மை அழைக்கும் அதே சொல்லால் கடுவால் நாட்டு இந்து அன்பர் ஒருவரை நம் பிள்ளைகள் அழைத்ததைக் கேட்க உள்ளம் குளிர்ந்தது.

அவர் முதல்நாள் எம்மைத் தாழ்வான உக்கிமட்டில் தங்கச் செய்தார். மறுநாள் சோப்டாவில் தங்கி, சிறிது தூரம் மட்டும் ஏறி இறங்கச் சொன்னார். அன்று மாலை ஒவ்வொருவருடைய காலணியையும் கையில் வாங்கிப் பார்த்தார். பருத்திச் சட்டைமேல் பருத்திச் சட்டை அணிந்திருந்தவர்களைக் கம்பளி எடுத்துக்கொள்ளச் செய்தார். நனைந்த பருத்தி உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்றார். மூன்றாம் நாள் வைகறைத் தொழுகை முடிந்ததும் நடை தொடங்கிற்று. நடையில் மெலிந்த மாணவனை முன்னே நிறுத்தி, அவன் நடைக்கு ஏற்ப மற்றவர் நடக்க வேண்டும் என்றார். உதவியாளர் கடைசியில் வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைகளை எண்ணினார். ஏறும்போதே ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தார். அது பொழுதுபோக்குப் பேச்சு என்று நாம் எண்ணியிருந்தோம். மூச்சு வாங்காமல் விடை சொல்ல முடிகின்றதா என்று சோதிக்கும் மருத்துவரின் பேச்சு அது.

ஒரு வளைவில் சௌகம்பாவின் வெண்முடி திடீரெனத் தோன்றிற்று. மாணவர் நடந்தவாறே அதனை நோக்கிக் கைப்பேசிகளை உயர்த்தினர். அவர் கடிந்து நிறுத்தினார். "பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள், நடக்க வேண்டுமானால் பாதையைப் பாருங்கள்" என்றார். நாம் திடுக்கிட்டு நின்றுவிட்டோம். மயில் ஆடினாலும், குரங்கு தாவினாலும், மலைச்சரிவில் தேனடை தொங்கினாலும் சட்டெனத் திரும்பி நோக்காதீர், அடி தவறும் என்று மலைபடுகடாத்தின் கூத்தன் சொன்ன அறிவுரையன்றோ இது! அப்பாட்டை அறியாத ஒருவர், வேறு மொழி பேசும் ஒருவர், மலையிடமே கற்று அதனைச் சொன்னார். நம் ஐயம் அங்கே தீர்ந்தது. புலவர் இடர்களைப் பாடியது பாட்டை நீட்டுவதற்காக அன்று. பின்னால் வருவோர் விறலியரையும் உடன்கொண்டு வரும் மக்கள் என்பதனால். வழியறிந்தவன் வாய்மூடி இருத்தல் அறமன்று என்பதனால்.

திரும்பிய கதை

துங்கநாத் கோயிலில் அவர் உள்ளே சென்று தம் வழிபாட்டை முடித்து வரும்வரை நாம் வெளியே காத்திருந்தோம். மீண்டும் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் ஒரு மாணவனை அருகழைத்து ஏதேதோ கேட்டார். அதுவரை கலகலப்பாகப் பேசி வந்தவன் ஒற்றைச் சொல்லில் விடையளித்தான். தலைவலியை ஒரு மணி நேரமாக மறைத்து வந்திருக்கின்றான். தன்னால் மற்றவர் பயணம் கெடலாகாது என்பது அவன் எண்ணம். உடனே உதவியாளரோடு அவனைக் கீழே அனுப்பினார். பின் நம்மை நோக்கி, அனைவரும் திரும்புவோம் என்றார்.

முகடு கண்ணெதிரே தெரிந்தது. வானமோ தெளிவாக இருந்தது. மாணவர் மன்றாடினர். உண்மையை மறைப்பானேன்? "இன்னும் அரைமணி நேரம்தானே" என்று நாமும் மன்றாடினோம். அவர் சினவாமல் விடை சொன்னார்: "ஒருவரை இறக்க ஓர் ஆள் போய்விட்டார். மேலே இன்னொருவருக்கு இவ்வாறு ஆனால் இறக்குவதற்கு ஆள் இல்லை." அதற்குமேல் அவர் ஏதும் பேசவில்லை. நாம் இறங்கினோம்.

வழியில் ஒரு புல்வெளியில் லுஹர் தொழுகையைப் பயணச் சலுகைப்படி சுருக்கித் தொழுதோம். மேற்குத் திசையைக் காட்டியவரும், முடியும்வரை நம் பைகளுக்குக் காவலிருந்தவரும் அவரே. சோப்டா சென்று சேர்ந்தபோது அம்மாணவன் தலைவலி நீங்கித் தேநீர் பருகிக் கொண்டிருந்தான்.

அன்று மழை பெய்யவில்லை; மாலை வரை வானம் தெளிந்தே இருந்தது. "போயிருக்கலாம் ஐயா" என்று சில மாணவர் முணுமுணுத்தனர். முடிவு சரியா என்பதைப் பின்னர் வந்த வானிலையைக் கொண்டு அளக்கலாகாது. முடிவெடுத்த வேளையில் கையிலிருந்த ஆள்பலத்தையும் அறிவையும் கொண்டே அளக்க வேண்டும் என்று அவர்களிடம் கூறினோம். ஆகவே, இருமுறை சென்றும் சந்திரசிலாவின் உச்சியை நாம் இன்றளவும் கண்டோமில்லை. அதனைப் பற்றி வருத்தமும் இல்லை.

நம் கருத்து

இவ்விரு பயணங்களும் கற்பித்தவற்றைத் தொகுத்துச் சொல்வோம். மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஆனால், பேருந்தின் இருக்கைகளை எண்ணிக் குழுவை அமைக்கலாகாது. ஒருவர் கண்பார்வையில் எத்தனை பேர் அடங்குவர் என்று எண்ணியே அமைக்க வேண்டும். நம் பட்டறிவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற்படின் அது குழுவாக இராது, கூட்டமாகிவிடும். அவர்க்கு அம்மண்ணைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரும், பின்வர ஓர் உதவியாளரும் இன்றியமையாதவர்.

செலவு கூடுமே என்பர். கூடத்தான் செய்யும். நாற்பது பேரை ஒரே முறையில் அழைத்துச் செல்வதினும், ஆண்டுதோறும் பத்துப் பேரை முறைவைத்து அழைத்துச் செல்லுதல் நன்று. மலைக்கும் அதுவே நன்று. கடுவாலில் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவில் தங்குவதைத் தடுத்தும், அங்குச் செல்வோர் எண்ணிக்கைக்கு வரம்பிட்டும் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. மிதிபட்ட புல் மீண்டும் தழைக்க அக்குளிரில் நெடுங்காலம் ஆகும்.

வழிகாட்டி உடனிருந்தால் இடரே நேராதா என்றும் வினவலாம். அவ்வாறு சொல்வதற்கில்லை. 2024 ஜூன் மாதம் அதே உத்தரகண்டின் சஹஸ்திர தால் பாதையில், வழிகாட்டிகளும் உள்ளிட்ட 22 பேர் குழு கடுங்குளிர்ப் புயலில் சிக்க, கர்நாடகத்தைச் சேர்ந்த ஒன்பதின்மர் உயிரிழந்தனர். 2018 மார்ச் 11 அன்று நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதை யார் மறப்பார்? மலை எவர்க்கும் உறுதிச்சீட்டு எழுதித் தருவதில்லை. ஆதலின், வழிகாட்டியை உடன்கொண்டு செல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. 'திரும்பு' என்று சொல்லும் அதிகாரத்தையும் அவர்க்கு அளித்தல் வேண்டும். பயணக் கட்டணம் செலுத்திவிட்டோம், உச்சியைக் காட்டியே தீர வேண்டும் என்று அவரை நெருக்குவோர் தம் பாதுகாப்பைத் தாமே அழித்துக்கொள்வர். மூவர் பயணம் புறப்படினும் அவருள் ஒருவரைத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. மலைமேல் அத்தலைமை பேராசிரியருக்கு உரியதன்று, பாதையறிந்தவருக்கே உரியது. பட்டங்கள் பல பெற்ற நாம், பள்ளிப்படிப்பையும் முடிக்காத ஒருவரின் சொல்லுக்குப் பணிந்து திரும்பியதை மாணவர் கண்டனர். அப்பயணத்தில் அவர்கள் கற்ற சிறந்த பாடம் அதுவாகவே இருக்கலாம்.

கூலி குறித்தும் ஒரு சொல். மலையேற்ற வரலாறு உச்சியில் கொடி நட்டவரைப் போற்றியது; சுமந்தவரைப் பெரும்பாலும் மறந்தது. 1954 ஜூலை 31-இல் கே2 சிகரம் முதன்முதலாக எட்டப்பட்டது. அதற்கு முந்தைய இரவு, ஏறுவோர்க்கு உயிர்வளிக் கலங்களைச் சுமந்து சென்ற ஹுன்ஸாப் பகுதியைச் சேர்ந்த அமீர் மஹ்தி, இத்தாலியரான வால்டர் பொனாட்டியுடன் 8,000 மீட்டருக்கும் மேலே கூடாரமின்றித் திறந்தவெளிப் பனியில் கிடந்தார். உறைபனியால் கால்விரல்களை இழந்தார். வென்றோர் பெயரை உலகம் அறியும். விரல்களை இழந்தவர் பெயரை எத்துணைப் பேர் அறிவர்? உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நெறியைப் பின்பற்றுவோர், வழிகாட்டியிடம் நூறு இருநூறுக்குப் பேரம் பேசுதல் தகாது. உச்சிக்குச் செல்லாமல் திரும்பினாலும் பேசிய கூலி முழுமையாக அவர்க்கு உரியது. உச்சியை எட்டினால்தான் கூலி என்றால், அவர் 'திரும்பு' என்று சொல்லத் துணிவாரா?

இமயம்வரை செல்ல இயலாதோர் மனந்தளர வேண்டா. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாநிலத்தின் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. மலைவாழ் மக்களுள் இளைஞர் பலர் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். வழி தவறினால் இசைக்கருவிகளை ஒலியுங்கள், ஓசை கேட்டு மலைவாணர் வந்து வழிகாட்டுவர் என்று மலைபடுகடாம் உரைத்தது. வழி தவறும் முன்னரே அவரை அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு இன்று நமக்கு வாய்த்துள்ளது.

மாணவச் செல்வங்களே! மலைக்குச் செல்லுங்கள், சிறு குழுவாகச் செல்லுங்கள். நின்று காணுங்கள், கண்டபின் நடவுங்கள். தலைவலியை மறைக்காதீர்கள். வழியறிந்தவர் 'திரும்பு' என்றால், முகடு முப்பது அடியில் இருப்பினும் திரும்புங்கள். மீண்டு வந்து, நன்னனிடம் சென்று மீண்ட கூத்தனைப் போல, அடுத்துச் செல்வோர்க்கு வழியைச் சொல்லுங்கள். அங்குள்ள குழிகளையும் கற்களையும் விடாமல் சொல்லுங்கள்.